குளிப்பாட்டாமல் கொடுத்தால் அலட்சியமா?

பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், வாசகி ஒருவரின் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார்.

கடிதம் சுருக்கமாக

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு இப்போது எட்டாம் மாதம். நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் குழந்தை ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியனில் பிறந்தது. பிறந்ததும் குழந்தையை எடுத்துப் போய், வெந்நீரில் குளிப்பாட்டி, பவுடர் பூசி, துவாலையில் சுற்றி வெளியே நின்ற சொந்தக்காரர்களிடம் காட்டினார்கள். தாயின் கைக்குக் குழந்தை வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பாலாடையில் டின் பால் புகட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் மார்பில் போட்டார்கள், குழந்தை பிடிக்கவில்லை. “எனக்குப் பால் ஊறாத உடம்பு சிஸ்டர்” என்கிறார். மஞ்சள் காமாலைக்காகக் குழந்தையை இரண்டு நாள் லைட்டில் வைத்திருந்தார்கள்.

இந்த முறை செலவு கட்டுப்படியாகாது என்பதால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிந்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவருடைய நாத்தனாருக்கு அங்கேதான் சுகப்பிரசவம் ஆனது. கூடவே இருந்த மாமியார் வீட்டுக்கு வந்து சொன்ன கதை இது: ரத்தமும் வெள்ளை மாவுமாக இருந்த பிள்ளையை அப்படியே தாயின் நெஞ்சில் போட்டார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டவில்லை. மறுநாள் வரை குளிப்பாட்டவில்லை. கை கால் நீலமாக இருக்கிறதே என்றால் “அது சரியாகிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்காமல் தொடையில் ஊசி போட்டார்கள். பிறந்த பிள்ளையின் வாயில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனையை வைக்க விடவில்லை.

கூட்டம் அதிகம் என்பதால் இப்படிக் கைவிடுகிறார்களா, ஆயாவுக்கு ஏதாவது கொடுத்தால் குளிப்பாட்டித் தருவார்களா, கொடியைத் தாமதித்தால் மறுபடியும் காமாலை வருமா, ஊசியை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா, மறுபடியும் சிசேரியன் ஆனால் என்ன செய்வது என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு, உங்கள் மாமியார் பார்த்தது எல்லாம் நடந்திருக்கும், சந்தேகமில்லை. அதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த ஒன்று, ஊசியைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாதது. உண்மையைச் சொன்னால், நீங்கள் நல்ல கவனிப்பு என்று நினைவில் வைத்திருக்கும் அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன.

குளியலில் இருந்து தொடங்குகிறேன். வயிற்றுக்குள் 37 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் இருந்த பிள்ளை, உடம்பெல்லாம் ஈரத்தோடு 25 டிகிரி அறைக்குள் வந்து விழுகிறது. ஈரம் காயக் காய உடம்புச் சூடு இறங்கும். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு அந்த வித்தை வராது. முதுகிலும் கழுத்தடியிலும் சேர்த்து வைத்திருக்கும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜனும் ரத்தச் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்துபோன குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவதும், மூச்சு வாங்குவதும், பால் குடிக்கச் சோம்புவதும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் ஊர் வெயிலுக்குக் குளிரா என்று கேட்பீர்கள். ஈரமான மூன்று கிலோ உடம்புக்கு, மேலே மின்விசிறி சுற்றினால், சித்திரை மாதமும் குளிர்தான்.

அதனால் முதல் வேலை துடைப்பது. காய்ந்த, இளஞ்சூடான துணியால் தலை, முதுகு, கை கால் என்று அழுத்தித் துடைத்து, அந்த ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டு வேறு காய்ந்த துணியால் மூடி, தலைக்குத் தொப்பி போடுவோம். பல குழந்தைகள் இந்தத் துடைப்பிலேயே வீரிட்டு அழுது மூச்சைச் சீராக்கிக்கொள்ளும். துடைப்பது ஈரத்தை மட்டும்தான். அந்த வெள்ளை மாவை அப்படியே விட்டுவிடுவோம். அது அழுக்கு இல்லை. தோல் வறண்டு போகாமல் காப்பதும், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை வைத்திருப்பதும் அதுதான். ஓரிரு நாளில் தானாகத் தோலில் ஊறிவிடும். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குடும்ப வழக்கம் காரணமாக முடியவே முடியாது என்றால் ஆறு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆக, குளிப்பாட்டித் தரச் சொல்லி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பவுடரும் வேண்டாம், அது மூக்கு வழியே நுரையீரலுக்குள் போகும்.

தாயின் நெஞ்சில் “போட்டுவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைவிட நல்ல இடத்தை எந்த மருத்துவமனையாலும் கொடுக்க முடியாது. தோலோடு தோல் ஒட்டிக் கிடக்கும்போது தாயின் உடம்பு குழந்தைக்குச் சூடு கொடுக்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் அமைதியாகின்றன. தாயின் தோலில் உள்ள, கெடுதல் செய்யாத நுண்ணுயிர்கள் முதலில் வந்து குடியேறுகின்றன. சும்மா விட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் குழந்தை தலையை ஆட்டி, கையை நக்கி, மெல்ல ஊர்ந்து தானே காம்பைத் தேடிப் பிடிப்பதையும் பார்க்கலாம். எடை பார்ப்பது, சொந்தக்காரருக்குக் காட்டுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடந்தால் எதுவும் குறைந்துவிடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதே முறையைக் கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கினார்கள். பிறகு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தபோது 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த வழி பணக்கார மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

நீலக் கைகால்களுக்கு வருவோம். 1952இல் அமெரிக்க மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார், பிறந்த குழந்தையை ஒரே பார்வையில் மதிப்பிட ஒரு முறை வகுத்தார். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசைவலு, மூச்சு என்ற ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடுவோம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகள்கூடப் பத்துக்கு ஒன்பதுதான் வாங்கும், ஏனென்றால் கை கால் நுனிகள் முதல் நாள் நீலம் பாரித்திருப்பது இயல்பு. நாங்கள் பார்ப்பது உதட்டையும் நாக்கையும். அங்கே நீலம் தெரிந்தால் “சரியாகிடும்மா” என்று எந்தச் செவிலியரும் நகரமாட்டார். அழாத, மூச்சு விடாத குழந்தை என்றால் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வார்மர் படுக்கை லேபர் வார்டுக்குள்ளேயே இருப்பது அதற்காகத்தான். நன்றாக அழுகிற குழந்தையின் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சுவது பழைய வழக்கம், இப்போது தேவையில்லை.

கொடியும் காமாலையும்

பிறந்த பிறகும் சில நிமிடங்கள் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். மூன்று நிமிடம் பொறுத்தால் சுமார் 80 முதல் 100 மி.லி. வரை போய்ச் சேரும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 250 மி.லி. அளவுதான் என்று நினைத்துப் பாருங்கள். அதில் வரும் இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. குழந்தை மூச்சு விடவில்லை, தாய்க்கு ரத்தப்போக்கு என்றால் மட்டும் உடனே வெட்டுவார்கள்.

காமாலை பற்றிய உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். கொடியைத் தாமதித்து வெட்டினால் லைட் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் சற்றே கூடுவது உண்மை. ஆனால் உங்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது. மூத்த குழந்தைக்குக் காமாலைக்குச் சிகிச்சை நடந்திருந்தால் இளையதற்கும் வாய்ப்பு அதிகம். இதை அடுத்த பரிசோதனையிலேயே சொல்லி, தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வகை ஓ அல்லது நெகட்டிவ் என்றால் அதையும் பெரிதாக எழுதி வைக்கட்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறப்பொருள்) அளவு பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். லைட்டுக்குப் பயந்து ரத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் குழந்தைக்குக் காமாலை அதிகமானதற்குத் தாய்ப்பால் தாமதமானதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பால் குடித்து, மலம் போனால்தான் பிலிருபின் வெளியேறும்.

அந்தத் தொடை ஊசி

அது வைட்டமின் கே, 1 மில்லிகிராம். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் அரை மில்லிகிராம். ரத்தம் உறைய இந்தச் சத்து வேண்டும். நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் மிகக் கொஞ்சமே கிடைக்கிறது. இதை உண்டாக்கித் தரும் குடல் நுண்ணுயிர்களும் பிறந்த குழந்தைக்கு இன்னும் சேரவில்லை. ஊசி போடாவிட்டால் சில குழந்தைகளுக்குத் தொப்புளிலோ குடலிலோ, இரண்டு மூன்று மாதத்துக்குள் மூளையிலோ ரத்தம் கசியும். அந்தக் குழந்தைகளைப் பிரிவில் பார்த்தவள் நான். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், என்ன ஊசி, எதற்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுக்கலாமா என்றால், மறுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். குழந்தை மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது போடச் சொல்லுங்கள், வலி குறைவாகத் தெரியும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இவையும் வீட்டுக்குப் போகும் முன் முடிந்திருக்க வேண்டும்.

சேனையும் சீம்பாலும்

உங்கள் ஊர்ப் பக்கம் சேனை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். யார் வைத்தார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சொல்லி, குடும்பத்தில் நல்ல பேர் எடுத்தவரைத் தேடி அழைத்து வருவார்கள். வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, வாயில் வைக்கும் பொருளின் மேல்தான். தேனில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். சர்க்கரைத் தண்ணீர் பசியை அடக்கி, உறிஞ்சும் வேகத்தைக் கெடுக்கும். தெருவில் கறந்து விற்கும் கழுதைப்பால் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

மாமியாரிடம் இதைத் தடையாகச் சொன்னால் சண்டைதான் வரும். வேறு வழி இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உங்கள் சீம்பாலையே நாலைந்து சொட்டு சுத்தமான பாலாடையில் பீய்ச்சிக் கொடுங்கள். அவர் கையால் அதைச் சேனையாக வைக்கட்டும். முறையும் நடந்துவிடும், குழந்தையின் வாய்க்குப் போனதும் போக வேண்டியதுதான்.

இனி “பால் ஊறாத உடம்பு” விஷயம். இதை உங்கள் மனதிலிருந்து எடுத்துப்போட வேண்டும். சிசேரியன் ஆன தாய்க்கும் சீம்பால் இருக்கும். முதல் நாள் ஒரு வேளைக்கு வருவது ஐந்து, ஏழு மி.லி. மட்டுமே, குழந்தையின் வயிற்றுக்கும் அவ்வளவே தேவை. மார்பு கனத்துப் பால் கட்டுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான், சிசேரியனில் ஒரு நாள் கூடுதலாகவும் ஆகலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் சுரப்பு கூடும். மூன்றாம் நாள் வரை மார்பில் போடாமல் வைத்து, டின் பாலில் வயிறு நிறைத்துவிட்டுப் பிறகு மார்பில் போட்டால் எந்தக் குழந்தை பிடிக்கும்? குறை உங்கள் உடம்பில் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்பவுடர் விளம்பரத்தையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்திருக்கிறது. இந்த முறை யாராவது டின் பாலை எடுத்தால், என்ன மருத்துவக் காரணம் என்று முதலில் கேளுங்கள். சில நேரம் உண்மையான காரணம் இருக்கும், அப்போது மறுக்க வேண்டாம்.

மறுபடி சிசேரியன் என்றாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் செய்வார்கள், நீங்கள் விழித்திருப்பீர்கள். தியேட்டரிலேயே நெஞ்சின் குறுக்காகக் குழந்தையை வைக்க முடியும். அங்கே இடமோ ஆளோ இல்லையென்றால் வெளியே வந்ததும் வைக்கலாம். பக்கவாட்டில் படுத்துப் பால் கொடுக்கச் செவிலியர் பிடித்துவிடுவார், தையல் மேல் பாரம் விழாது. உங்களுக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் குழந்தையின் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரட்டும், அவர் நெஞ்சும் சூடுதான். சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பதைப் பழைய தையலின் வகை பார்த்து மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

எது உண்மையான அலட்சியம்

அரசு மருத்துவமனையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். இரவு ஷிப்டில் ஒரு செவிலியர் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். குளிப்பாட்டாதது அலட்சியம் இல்லை. குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அது அலட்சியம். முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது குழந்தையின் மூச்சு, நிறம், சூடு, தாயின் ரத்தப்போக்கு இவற்றைப் பார்க்க வேண்டும். பெயர்ப்பட்டை கட்டாமல் குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துச் செல்வதும் தவறு. ஆணா பெண்ணா என்று தாயிடம் நேரே காட்டிய பிறகே எடுத்துச் செல்ல வேண்டும்.

இந்த நேரத்தில் உங்கள் மாமியாரின் கண்கள் பெரிய உதவி. பிரசவத் துணையாக அவரையே வைத்துக்கொள்ளுங்கள். களைத்த தாய் குழந்தையோடு கண்ணயர்ந்து, அதன் மூக்கு மார்பில் புதைந்தால் மூச்சு நிற்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. தலைமாட்டைச் சற்று உயர்த்திச் சாய்ந்து படுங்கள். குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் வெளியே தெரிய வேண்டும். தாடை நெஞ்சில் மடங்கக் கூடாது. துணி முதுகை மட்டும் மூடட்டும். அவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

காசு விஷயம்: 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் இலவசம். ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று கை நீட்டுபவர்கள் இன்னும் சில இடங்களில் இருக்கிறார்கள், எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கொடுக்காதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், 104க்கும் பேசலாம்.

வீட்டுக்குப் போன பிறகு

தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்தபடி விடுங்கள், துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். வசம்பு, சாம்பிராணிப் புகை, காதிலும் மூக்கிலும் ஊதுவது, குழந்தையின் மார்பைப் பிதுக்குவது இவற்றுக்கும் இதே பதில். முதல் வாரத்தில் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம், இரண்டு வாரத்தில் மீளும். அதைப் பார்த்துப் பால் போதவில்லை என்று டின்னைத் திறக்காதீர்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கிறதா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடை போடச் சொல்லுங்கள்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ காத்திருக்க வேண்டாம். தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு அறுபதோ அதற்கு மேலோ இருப்பது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, காய்ச்சல், உள்ளங்கால் ஜில்லென்று இருப்பது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிவது இவையும் அப்படியே. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, எப்போதானாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். 24 மணி நேரத்தில் காட்டுமலம் (பிறந்ததும் முதலில் போகும் கரும்பச்சை மலம்) போகாதிருந்தாலும், 48 மணி நேரத்தில் சிறுநீர் போகாதிருந்தாலும் சொல்ல வேண்டும். 108ஐ அழைத்து, பச்சிளங்குழந்தைகள் சிறப்பு சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். போகிற வழியிலும் குழந்தையைத் துணியில் சுற்றித் தனியாகப் பிடிக்காமல், உங்கள் நெஞ்சோடு தோல் ஒட்ட அணைத்தே கொண்டு போங்கள்.